நாற்பத்தொரு மீட்டர் பாலம்

ஸுஹாயா பல்கா கிராமம்
28 செப்டம்பர் 1937, தபாலில்

என் அருமை மருமகள் வார்வாராவுக்கு,

உன் மாமா பஹோம் எழுதிக்கொள்வது. நலமாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதினால் அது குறைத்துச் சொன்னதாகிவிடும். இந்த மாவட்டத்தில் பட ஆபரேட்டர்கள் ஆறு பேர். அதில் ப்ரொஜெக்டரைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பதினேழு கிராமம் சுற்றி, ஒரு தடவைகூட ரீலைத் தீப்பிடிக்க விடாதவன் நான் ஒருவன்தான். போன வருஷம் பிடித்தது காற்றின் தப்பு.

நேற்று இங்கே தானியக் கிடங்கில் ‘இரும்புப் பாலம்’ ஓட்டினேன். எட்டு வருஷமாக ஓட்டுகிற படம், இன்னும் கூட்டம் தாங்கவில்லை. முந்நூறு பேர். சரி, நூற்றிருபது. டைனமோச் சக்கரத்தைச் சுற்ற அடிதடி, ஏனென்றால் சுற்றுகிறவனுக்கு டிக்கெட் கிடையாது. உங்கள் மாஸ்கோவில் இப்போது படமே பேசுகிறதாம். இங்கே இன்னும் ஊமைப் படம்தான். ஆனால் நான் இருக்கிற இடத்தில் எது ஊமை? திரையில் எழுத்து வந்தால் பாதிப் பேருக்கு வாசிக்க வராது. மெஷின் பக்கத்தில் நின்று நான்தான் உரக்க வாசிப்பேன். மூன்றே குளிர்காலம் பள்ளிக்கூடம் போனவன் என்று உன் அம்மா இருந்தவரை என்னைக் கேலி செய்தாள். அக்கா இப்போது இருந்து கேட்டிருக்க வேண்டும்.

சில இடத்தில் எழுத்து சின்னதாக இருக்கும், மனசு பெரிதாக இருக்கும். அங்கே நான் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். நான்காம் ரீலில் பாலம் வருமே, எதிரி வெள்ளைப் படை சுட்டுக்கொண்டே இருக்கும், தளபதி தெரெகின் குதிரையிலிருந்து இறங்கி நிற்பார். திரையில் வரும் எழுத்து அட்டையில் இருப்பது ‘பாலம் நமதே!’ என்று இரண்டே சொல். நான் வாசிப்பது: ‘பாலம் நமதே! தளபதி தெரெகினின் உயிரைக் காத்தவன் இந்த மாவட்டத்தின் மைந்தன் பஹோம்!’ கிடங்கே எழுந்து நின்று கைதட்டும். நானும் மெஷினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து வணங்குவேன்.

நீ மாஸ்கோ ஸ்டுடியோவில் படம் வெட்டி ஒட்டுகிற பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாய். தளபதிக்குப் பின்னால் குதிரையைப் பிடித்து நிற்கிறவர் என் மாமா என்று உன் மேலதிகாரியிடம் சொன்னாயா, இல்லையா? வெட்கப்படாதே, சொல். தெரெகின் இப்போது எவ்வளவு பெரிய இடத்தில் இருக்கிறார்! ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாலும் அனுப்புவார்.

உன் மாமா,
பஹோம் லுகிச்

*

மாஸ்கோ
9 அக்டோபர் 1937

மாமா,

இதை நம் ஊர் க்ளாஷா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் ரயில் பெட்டியில் வேலை பார்ப்பவள், பேசாதவள். தபாலில் வருகிற என் கடிதம் வேறு மாதிரி இருக்கும். அதை வைத்து என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். இதை வாசித்ததும் அடுப்பில் போடுங்கள். நிஜமாகவே போடுங்கள்.

மூன்றாம் தேதி காலை வேலைக்கு வந்தபோது தாழ்வாரத்தில் உங்கள் தளபதியின் படம் மாட்டியிருந்த இடத்தில் வெளிறிய சதுரம் ஒன்றுதான் இருந்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்க்காமல் நடந்து போனோம். மதியம் ‘இரும்புப் பாலம்’ நான்காம் ரீலை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் வருகிற இடம் மொத்தமும் போக வேண்டுமாம். நாற்பத்தொரு மீட்டர். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பத்திரிகையில் இன்னும் வரவில்லை. வரும்.

நீங்கள் அந்தப் பெயரை மூன்று தடவை எழுதி, தபால் தலை ஒட்டி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். உறை திறந்து ஒட்டியிருந்தது.

மாமா, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். இருபத்தெட்டில் படக்காரர்கள் வந்து கூட்டத்துக்கு ஆள் பிடித்தார்கள். நீங்களும் போனீர்கள். மூன்று நாள் முட்டைக்கோஸ் சூப் ஊற்றினார்கள், குதிரையைப் பிடிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். அவர்கூட நிஜ ஆள் இல்லை, வேஷம் போட்ட நடிகர். உள்நாட்டுப் போர் நடந்த பத்தொன்பதில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள். நிலவறையில், முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால், பதினொரு வாரம். இரண்டு படைக்கும் பயந்து. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பாலத்தில் நீங்கள் இல்லை.

அந்த வரியை இனி வாசிக்காதீர்கள். யாராவது கேட்டால் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சிரித்து மழுப்பிவிடுங்கள். வேலைக்குச் சேரும்போது எழுதிக் கொடுத்த படிவத்தில் உறவினர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். உயிரோடு இருக்கிற ஒரே உறவு நீங்கள்தான்.

வார்யா

*

ஸுஹாயா பல்கா
20 அக்டோபர் 1937, தபாலில்

மதிப்புக்குரிய மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்து, நன்றாக எரிந்தது. நிலவறையைப் பற்றி உன் அம்மா சொன்னது அவளுடைய கற்பனை. அதற்கு மேல் நான் பேசப்போவதில்லை.

பத்திரிகையில் வந்துவிட்டது. அந்த ஆள் மக்களின் எதிரியாம். பெயரை எழுதவில்லை, கவனித்தாயா? உன் மாமாவுக்கும் சாமர்த்தியம் உண்டு. எனக்கு அந்த ஆள் மேல் எப்போதுமே சந்தேகம்தான். குதிரையிலிருந்து இறங்குகிற விதத்திலேயே ஒரு கள்ளத்தனம்.

சுற்றறிக்கை பதினாறாம் தேதி வந்தது. நான்காம் ரீலில் நாற்பத்தொரு மீட்டரை வெட்டி, இரண்டு சாட்சி முன்னால் எரித்து, சான்று எழுதி அனுப்ப வேண்டும் என்று. மற்ற ஆபரேட்டர்கள் கைநடுங்கி முப்பத்தெட்டு, நாற்பத்து மூன்று என்று வெட்டியிருப்பார்கள். நான் வெட்டியது நாற்பத்தொன்று, ஒரு விரல்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாட்சி கூட்டுப்பண்ணைத் தலைவர் மிரோனும் பால்கறக்கிற உஸ்தீனியாவும். லாயத்துக்குப் பின்னால் குவித்துத் தீக்குச்சி வைத்தேன். பிலிம் எரிவதைப் பார்த்திருக்கிறாயே, புஸ்ஸென்று ஒரே மூச்சு. உஸ்தீனியா ஒன்றும் புரியாமல் அழுதாள். “ஐயோ அண்ணே, உங்களையே கொளுத்துறாங்களே!” என்றாள். நான் சிரித்தேன். பலமாகச் சிரித்தேன். மிரோன்தான், “இவ்வளவு சிரிக்காத பஹோம், யாராவது கேட்கப் போறாங்க” என்றான்.

இந்த மிரோன் பத்தொன்பதில் நிஜமாகவே அங்கே சண்டை போட்டவன். அப்போது ஆற்றின் மேல் இருந்தது நாலு பலகை. இரும்புப் பாலம் படக்காரர்கள் கட்டியது. ஆனால் இவனைக் கேட்டுப் பார், ‘அந்த இரும்புக் கம்பியில் சாய்ந்துதான் சுட்டேன்’ என்பான். எட்டு வருஷம் படம் பார்த்தால் பலகை எங்கே ஞாபகம் இருக்கும்?

ஆகவே எல்லாம் முடிந்தது. வெட்டினேன், எரித்தேன், ஒட்டினேன். நவம்பர் ஏழு புரட்சி விழாவுக்கு மாவட்டத்திலிருந்து அதிகாரி லாப்தேவ் தோழர் நேரில் வருகிறார். பஹோம் ஓட்டுகிற படத்தைப் பார்க்கத்தான் வருகிறார் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான் இல்லை.

பஹோம்

*

மாஸ்கோ
29 அக்டோபர் 1937, தபாலில்

அன்புள்ள மாமா,

நலம். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. மாபெரும் புரட்சியின் ஆண்டு நிறைவுக்கு எங்கள் கூடம் இலக்கை மிஞ்சி வேலை செய்து வருகிறது.

உங்கள் விழாவுக்கு டிராக்டர் படம் பொருத்தமாக இருக்கும். புதிய படம், மக்களுக்கு உற்சாகம் தரும். பழைய படங்கள் பிரதி தேய்ந்திருக்கும். உங்களுக்குத் தொண்டை சரியில்லை என்று கேள்விப்பட்டேன். அட்டைகளைப் பள்ளி ஆசிரியையை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பேச வேண்டாம். கம்பளித் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

வாழ்த்துகளுடன்,
வார்வாரா

*

ஸுஹாயா பல்கா
10 நவம்பர் 1937, க்ளாஷா கையில்

வாரெங்கா,

என் கையெழுத்து இப்படி இருப்பதற்குக் குளிர் காரணம்.

நீ சொன்னதையெல்லாம் செய்தேன். தொண்டையில் துணி சுற்றினேன். ஆசிரியையை நிறுத்தினேன். டிராக்டர் படத்தைத்தான் முதலில் போட்டேன். லாப்தேவ் முன்வரிசையில், தொப்பியை முழங்காலில் மாட்டி உட்கார்ந்திருந்தார். படத்தில் அறுவடை விருந்து வந்தது. மேசை நிறைய வெள்ளை ரொட்டி, தேன், வாத்து. கூட்டம் முதலில் சிரித்தது. அப்புறம் சத்தமே இல்லை. நூற்றிருபது பேர் எச்சில் விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. இதை மிகைப்படுத்தவில்லை. உஸ்தீனியா எழுந்து கேட்டாள்:

“ஏண்ணே, அந்த வெள்ளை ரொட்டி எந்த ஊர்ல?”

மிரோன் பலமாக இருமினான். லாப்தேவ் திரும்பாமலே, “போதும் தோழரே. வேற படம் போடுங்க” என்றார்.

என் பெட்டியில் வேறு என்ன இருக்கிறது? ‘இரும்புப் பாலம்’தான். வெட்டிய பிரதிதானே என்று தைரியமாகப் போட்டேன். மூன்று ரீல் நல்லபடியாகப் போனது. ஆசிரியை அட்டையில் இருப்பதை மட்டும் தண்ணீர் மாதிரி வாசித்தாள். நான்காம் ரீல். குதிரை வருகிறது, ஆற்றங்கரை வருகிறது, என் ஒட்டு டக்கென்று தாண்டியது, வெள்ளைப் படை ஓடுகிறது. பாலமே இல்லை.

“ஏய், பாலம் எங்க?”

“முழுங்கிட்டியே பஹோம்!”

“எங்க அண்ணன் வருவாரே, அது எங்க போச்சு? மெஷினைப் பின்னாடி சுத்துங்கப்பா!”

நான் கையை ஆட்டி உட்காரச் சொன்னேன். அவர்களுக்கு அது நான் வழக்கமாகக் குனிந்து வணங்குவது போலத் தெரிந்ததோ என்னவோ. ஆசிரியை பயந்துபோய் அடுத்த அட்டையை வாசித்தாள். உஸ்தீனியா விடவில்லை.

“வாசிக்க வரலன்னா உட்காருங்க டீச்சரம்மா. நான் சொல்றேன். எழுத்து தெரியாட்டியும் எனக்கு மனப்பாடம்.”

சொன்னாள். ஒரு சொல் விடாமல், என் குரலிலேயே. அந்த ஆளின் பெயரும் வந்தது, என் பெயரும் வந்தது. ஊர் கைதட்டியது. எட்டு வருஷப் பழக்கம், வாரெங்கா, அந்த இடம் வந்தால் கை தானாகத் தட்டும். அப்புறம் முன்வரிசைக்காரர்கள் லாப்தேவின் கைகளைப் பார்த்தார்கள். தட்டல் முன்வரிசையில் நின்றது, அடுத்த வரிசையில் நின்றது, அடுத்ததில் நின்றது. கடைசியாகக் கதவோரம் ஒருவன் மட்டும் தட்டிக்கொண்டிருந்தான், அவன் காது மந்தம்.

“மெஷினை நிறுத்துங்க.”

நிறுத்தினேன். விளக்கை ஏற்றினார்கள்.

“குடிமகன் ஸுதீலின்,” என்று என் குடும்பப் பெயரைச் சொன்னார். தோழர் இல்லை. விசாரணைக் கைதியைக் கூப்பிடுகிற மாதிரி குடிமகன். “இவங்க சொன்ன வரி படத்துல இருந்துச்சா?”

நான் தொண்டையைக் காட்டினேன்.

அவர் மிரோனிடம் திரும்பினார். “நீ பத்தொன்பதுல அங்க இருந்தவன். இவன் இருந்தானா?”

“இருந்தான் தோழர்,” என்றான் மிரோன். எனக்கு நல்லது செய்கிறானாம். “தெரெகின் பக்கத்துலயே நின்னான். என் கண்ணால படத்துல பார்த்தேனே!”

லாப்தேவ் சிரிக்கவில்லை. இருபத்தைந்தாம் தேதி மாவட்டத்துக்கு வந்து எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார். ரீல் பெட்டியில் முத்திரை வைத்து எடுத்துப் போய்விட்டார்.

நான் எதைச் சொல்வது? வரி படத்தில் இருந்தது, நான் பாலத்தில் நின்றேன் என்றால் எதிரியின் உயிரைக் காத்தவன் ஆகிறேன். படத்தில் இல்லை, நானே சேர்த்தேன் என்றால், எட்டு வருஷம் பதினேழு கிராமத்தில் அரசாங்கப் படத்துக்குள் எதிரியின் புகழைச் சொருகியவன் ஆகிறேன். பாலத்தில் நிற்கவே இல்லை என்றால், அப்போது எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் அந்த நிலவறை. ஆமாம், நிலவறை. உன் அம்மா சொன்னது நிஜம்.

நேற்று என் வீட்டுக்கு யாரும் வரவில்லை. என் வீட்டுக்கு யாருமே வராத நாள் என்று ஒன்று இருந்ததில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தப் பதிலைச் சொல்லட்டும்? நீ படித்தவள்.

மாமா

*

மாஸ்கோ
17 நவம்பர் 1937, க்ளாஷா கையில்

மாமா,

மூன்றாவதைச் சொல்லுங்கள். முழுதாக, வெட்கம் பார்க்காமல் சொல்லுங்கள். நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

அவர்கள் என்னைக் கூப்பிடும் வரை காத்திருந்தால் மறைத்ததாகிவிடும். ஆகவே நானே எங்கள் ஊழியர் பிரிவுக்குப் போய் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். பஹோம் ஸுதீலின் என் தாய்மாமா. சிறு வயதிலிருந்தே பெருமைக்காகப் பொய் சொல்லும் சுபாவம். குடும்பத்தில் யாரும் அவர் பேச்சை நம்பியதில்லை. பத்தொன்பதில் போருக்குப் பயந்து ஊறுகாய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். எந்தத் தளபதியையும் அவர் கண்டதே இல்லை. இவ்வளவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது அம்மா என் தோளுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள். கோழைக்குக் கிடைக்கிற தண்டனை கூட்டாளிக்குக் கிடைப்பதைவிடச் சிறியது.

வெறும் வாயால் சொன்னால் நம்புவார்களா என்று யோசித்தேன். நீங்கள் எங்கள் குடும்பத்துக்காரர், நான் காப்பாற்றப் பார்க்கிறேன் என்றுதானே நினைப்பார்கள்? அதனால் ஒரு சான்றையும் இணைத்தேன். அந்த நாற்பத்தொரு மீட்டரை நான் மேசையில் ஒவ்வொரு படக்கட்டமாகப் பார்த்தேன். குதிரையைப் பிடித்திருக்கிற ஆளின் முகம் ஒரு கட்டத்திலும் தெரியவில்லை. முதுகு மட்டும்தான். அது யாராகவும் இருக்கலாம். எரிக்கப் போகிற கூடையிலிருந்து மூன்று கட்டத் துண்டு ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியவில்லை. உங்கள் முதுகு என்பதால் இருக்கலாம். அதை உறையில் போட்டு வாக்குமூலத்தோடு குத்திக் கொடுத்தேன். மொத்தத்தையும் உங்கள் மாவட்டத்துக்கு அனுப்புவார்களாம்.

வாய்ப்பேச்சை மறுக்கலாம். பிலிமை யார் மறுக்க முடியும்? பயப்படாதீர்கள். இத்தனை நாளில் நேற்றுத்தான் தூங்கினேன்.

வார்யா

*

ஸுஹாயா பல்கா
30 நவம்பர் 1937, தபாலில்

என் மருமகளுக்கு,

உன் மாமா உயிரோடு, சொந்த வீட்டில், சொந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இருபத்தைந்தாம் தேதி மாவட்டத்துக்குப் போய் நிலவறையை எழுதிக் கொடுத்தேன். உன் வாக்குமூலத்தை லாப்தேவ் இங்கே பண்ணைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் வாசித்தார். ‘பெருமைக்காகப் பொய் சொல்லும் சுபாவம்’ என்ற இடத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பீப்பாய் என்றதும் கிடங்கே இடிந்து விழுந்தது.

“பதினொரு வாரமா? எப்படிண்ணே இருந்தீங்க?”

“தளபதி பீப்பாய் வாழ்க!”

“அதான் மழைக்காலத்துல அண்ணன் மேல புளிச்ச வாசனை அடிக்குது!”

உஸ்தீனியா மட்டும் சிரிக்கவில்லை. “எட்டு வருஷம் கைதட்டினேனே, பாவி,” என்று துப்பிவிட்டுப் போனாள். லாப்தேவே சிரித்தார், கண்ணீர் வர. மெஷினைப் பிடுங்கிக்கொண்டார்கள். புது ஆபரேட்டர் வருகிறானாம். எனக்கு லாயத்தில் சாணம் அள்ளுகிற வேலை. அள்ளுகிறேன். இந்த மாவட்டத்தில் என்னைப் போல் அள்ளுகிறவன் கிடையாது.

ஒரே ஒரு திருத்தம்: பதினொரு வாரம் இல்லை, பதின்மூன்று. அதுவும் அப்போது அந்த நிலவறையில் கரடி ஒன்று அடிக்கடி வந்து போகும். அதை நீ எழுதவில்லை.

இன்னொன்று. கூட்டம் கலைந்த பிறகு லாப்தேவ் உன் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். என் முதுகைப் பார்க்கிறாராக்கும் என்று நானும் எட்டிப் பார்த்தேன். அவர் பார்த்தது முதுகுக்கு முன்னால் நிற்கிறவரை. பிறகு அதை வேறொரு உறையில் போட்டு, மேலே ஏதோ எழுதி, மாஸ்கோவுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார். உன் வேலையைப் பாராட்டி ஏதாவது எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பஹோம்

*

மாஸ்கோ
11 டிசம்பர் 1937, க்ளாஷா கையில்

மாமா,

பென்சில்தான் இருக்கிறது. இரண்டு தடவை கூப்பிட்டார்கள். உங்களைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மக்களின் எதிரியின் உருவம் உள்ள பிலிமை நான் எங்கிருந்து எடுத்தேன், எதற்காக வைத்திருந்தேன், இன்னும் எத்தனை இருக்கிறது, யாருக்கெல்லாம் கொடுத்தேன். இதையே மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். வேஷம் போட்ட நடிகர்தான் என்றாலும் உருவம் அவருடையதாம். நாற்பத்தொரு மீட்டரும் எரிந்தது என்ற சான்றில் இருப்பது என் கையெழுத்து. அவர் எங்கள் மேசையில் இருக்கக் கூடாது, உலகத்திலேயே இருக்கக் கூடாது. நானே அவரை உறையில் போட்டு, குத்தி, என் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் முதுகை மட்டும்தான் பார்த்தேன், மாமா. அவர் அதில் நிற்கிறார் என்பதே அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை உடம்பு சரியில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இருபதாம் தேதி எழுத்தில் கொடுக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரி என் கத்தரிக்கோலைக்கூடத் தொடுவதில்லை. கதவோரம் சின்னப் பை வைத்திருக்கிறேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, சோப்பு.

நீங்கள் எனக்கு எழுத வேண்டாம். க்ளாஷாவும் இனி வரமாட்டேன் என்கிறாள்.

வார்யா

*

ஸுஹாயா பல்கா
15 டிசம்பர் 1937

வாரெங்கா,

க்ளாஷா காலில் விழுந்து கேட்டேன். இது ஒன்றைக் கொண்டுபோகச் சம்மதித்தாள். பதினெட்டாம் தேதி உன் கையில் இருக்கும்.

நிதானமாக வாசி. அந்தத் துண்டு உன் கூடையிலிருந்து வந்தது இல்லை. நான் அனுப்பியது. நேற்று முழுக்கச் சாணம் அள்ளிக்கொண்டே இதை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் அறுந்து போகவில்லை. உன் சான்றும் உண்மையாகவே நிற்கும், உங்கள் பக்கம் எல்லாம் எரிந்தது.

என் பிரதியாக இருந்தால் எட்டு வருஷம் ஓடிய கீறல் இருக்க வேண்டுமே, துண்டு பளபளவென்று இருக்கிறதே என்று கேட்பார்கள். கேட்கட்டும். இருபத்தொன்பதில் பிரதி புதிதாக வந்த அன்று, முதல் தடவை ஓட்டுவதற்கு முன்பே வெட்டி எடுத்தேன். மூன்றே கட்டம், யாருக்கும் தெரியாது. தொப்பி உள்துணியில் தைத்து வைத்திருந்தேன். இதோ, தொப்பியைப் பிரித்துத் திரும்பத் தைத்தும் விட்டேன், தையல் பழசாகத் தெரிய அடுப்புக் கரி தேய்த்திருக்கிறேன். சுற்றறிக்கை வந்தபோது அதை எரிக்கவில்லை, ஒளித்தேன். செப்டம்பரில் உனக்குத் தபாலில் அனுப்பிய கடிதம் நினைவிருக்கிறதா? அதைத்தான் அவர்கள் திறந்து பார்த்திருக்கிறார்களே, பாலத்தில் நின்றேன் என்று நான் பீற்றியது அவர்களிடமே இருக்கும். அதற்குப் பின் நவம்பர் தொடக்கத்தில் மாஸ்கோ போகிற ஒரு வழிப்போக்கனிடம் துண்டைக் கொடுத்தனுப்பினேன், உன் மேலதிகாரிக்குக் காட்டச் சொல்லி. வழிப்போக்கனின் பெயர் தெரியாது, இடது கண் மாறுகண். நீ அதில் எதிரி இருப்பதைப் பார்த்ததும் பதறிப்போய், ஒரு நிமிடம்கூட வைத்திருக்காமல், நீயாகவே ஊழியர் பிரிவில் ஒப்படைத்தாய். அது நிஜம்தானே? நீயாகத்தானே கொண்டுபோய்க் கொடுத்தாய்? மாமனையே காட்டிக் கொடுத்த நல்ல பெண் என்றுதான் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

நாளைக் காலையில் லாப்தேவிடம் போகிறேன். நடந்துதான் போகிறேன், இருபத்திரண்டு மைல். சரி, பதினான்கு. நான் பயந்தவன், அதை ஊரே வாசித்துக் கேட்டாயிற்று. ஆனால் நம்புவார்கள். நூற்றிருபது பேரைக் கேட்கட்டும்: திரையில் தன் முதுகைப் பார்த்துக் குனிந்து வணங்குகிற ஆள், மூன்று கட்டத்தைத் தொப்பியில் தைத்து வைத்திருப்பானா, மாட்டானா? உஸ்தீனியாகூடச் சத்தியம் செய்வாள்.

உன் பையைப் பிரித்து வைத்துவிடு, காலுறையைப் போட்டுக்கொள்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ‘மாமா சொல்றது பொய்’ என்று உனக்கு உடனே வாய் வரும், மூன்று வயதிலிருந்து அப்படித்தான். இருபதாம் தேதி அந்த வாயைத் திறக்காதே. அழவும் அழாதே, கோபமாக இரு. தாளை எடுத்து, ‘இந்தத் துண்டு எனக்கு என் மாமா பஹோம் ஸுதீலினிடமிருந்து வந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு.